பதில் சொன்ன பிள்ளை

அம்மா வீட்டில் மாட்டியிருந்த அழைப்புப் பெட்டி, பிள்ளைகள் இருவரையும் போனில் ஓயாமல் "இருக்கீங்களா?" என்று கேட்கும். பதில் சொன்ன பிள்ளைக்குத்தான் அம்மாவின் அழைப்பைக் கொடுக்கும். சொல்லாத பிள்ளையை, மறுபடி பதில் வரும்வரை ஒதுக்கிவிடும்.

பியூலா ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். போனை லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் பாதி நாள் ஒதுக்கப்பட்டவள்தான். கனடாவிலிருந்த தம்பி ஜெபசிங் கெட்டிக்காரன். பெட்டியின் நச்சரிப்பு தாங்காமல், தன் குரலில் பேசும் ஒரு மெஷினைப் பதில் சொல்ல வைத்துவிட்டான்.

குளியலறையில் வழுக்கி விழுந்த அம்மா கூப்பிட்டபோது, இரண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரியில் இருந்த பியூலாவை விட்டுவிட்டுப் பெட்டி கனடாவைப் பிடித்தது.

"சொல்லும்மா, கேட்டுட்டுத்தான் இருக்கேன்" என்றது மெஷின். குரல் அடங்கும்வரை அம்மா அதனிடமே கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

அடக்கம் முடிந்ததும் ஜெபசிங் போனில் அழுதான். "லைன் கட்டாகவே இல்லையேக்கா. பெட்டி நல்லாத்தானே வேலை செஞ்சிருக்கு?"

"ஆமாடா. உன் மெஷினும்தான்" என்று சொல்லிவிட்டு வைத்தாள் பியூலா.

கையிலிருந்த போன் உடனே அதிர்ந்தது. "இருக்கீங்களா?"

"இருக்கேன், நாசமாப் போ!" என்று கத்தினாள்.

"நன்றி. உங்களை மறுபடி சேர்த்தாச்சு" என்றது பெட்டி.