சுமனின் இரண்டு ஃபோல்டர்கள்

சுமன் அறைக் கதவை உள்ளே பூட்டிவிட்டுத்தான் அடிக்கத் தொடங்கினான். முதல் அடியில் றம்சீனின் மூக்குக் கண்ணாடி தெறித்தது. இரண்டாவது அடி விலாவில் விழுந்தபோது அவர் சேர்வர் பெட்டியோடு மோதிக் கீழே சரிந்தார்.

சுமன் கத்தவில்லை. மேசையிலிருந்த கீபோர்டைப் பிடுங்கி, அது இரண்டாக உடையும்வரை அவருடைய முதுகில் அடித்தான். உடைந்த பிறகு காலால் உதைத்தான்.

"என்ரை படம் எங்கை?" என்று மட்டும் கேட்டான்.

றம்சீன் கைகளால் முகத்தை மறைத்துக்கொண்டார். திருப்பி அடிக்கவில்லை. அவன் கேட்டதற்கு அவரிடம் பதில் இருந்தது. 

அன்று காலை ஏழு மணிக்கு ஆனையிறவுக்குக் கிட்ட மிதிவெடி வெடித்து, சுமனின் மனைவி சுகந்தினிக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிருந்தது. கிளிநொச்சியில் இருந்த அந்தக் கண்ணிவெடி அகற்றும் நிறுவனத்தில்தான் புருசன் பெண்சாதி இருவருக்கும் வேலை. அவள் வெளியில் ஓர் அணிக்குத் தலைவி. அவன் அலுவலகத்தில் வெடி இருக்கும் இடங்களைக் காட்டும் வரைபடம் கீறுபவன். தண்ணீரூற்றிலிருந்து வந்துபோகும் றம்சீன் அங்கே கொம்பியூட்டர்களைப் பார்த்துக்கொண்டார். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல எல்லாரும் அவரை 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

முதல் நாள் பின்னேரம்தான் அந்தத் தகவல் வந்தது. துப்புரவாக்கி முடிந்தது என்று நினைத்திருந்த ஒரு துண்டு நிலத்தில் இன்னும் வெடி கிடக்கிறதாம். சுமன் உடனே படத்தில் அந்தத் துண்டுக்குச் சிவப்புப் போட்டுச் சேமித்தான். விடிய வந்து அவனே அச்செடுத்து அணியிடம் கொடுத்தான். கொடுத்த படத்தில் சிவப்பு இல்லை.

ஏன் இல்லை என்று றம்சீனுக்குத் தெரியும். அலுவலகத்தில் பாதிக் கொம்பியூட்டர்களில் பழைய விண்டோஸ், மற்றப் பாதியில் புதியது. ஒரே ஆள் பழையதில் நுழைந்தால் சேர்வர் அவருடைய பெயரில் ஒரு ஃபோல்டரைத் திறக்கும். புதியதில் நுழைந்தால் அதே பெயருக்குப் பின்னால் ஒரு வாலை ஒட்டி, வேறொரு ஃபோல்டரைத் திறக்கும். ஒன்றில் வைத்தது மற்றதில் தெரியாது. சுமன் சிவப்புப் போட்டது புதிய கொம்பியூட்டரில். பெரிய பிரிண்டர் பொருத்தியிருந்தது பழையதில்; அதில் கிடந்தது சிவப்புப் போடாத பழைய படம்.

இதைச் சரிக்கட்டத்தான் றம்சீன் இரண்டு கிழமையாக எல்லாருடைய கோப்புகளையும் ஒரே இடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார். முப்பத்தொரு பேரில் இருபத்தாறு பேருடையது முடிந்துவிட்டது. முடியாத ஐந்தில் ஒன்று சுமனுடையது.

ஆட்கள் கதவை உடைத்து வந்து சுமனை இழுத்தெடுத்தார்கள். அவன் விறாந்தையில் குந்தியிருந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். பெண்சாதியில் எவ்வளவு பாசம் இருந்தால் இந்த மனுசன் இப்படி ஆகியிருப்பான் என்று அலுவலகமே கதைத்தது.

சுகந்தினியின் அணியில் வேலை செய்யும் இராசமலர் மட்டும் அவர்களிடமிருந்து தள்ளிப் போய் நின்றாள். அவளுடைய சட்டையில் இரத்தம் காய்ந்திருந்தது. அந்த நிலத்துண்டுக்குள்ளால் நடந்துபோய் எல்லை முளை அடிப்பது அன்று அவளுடைய முறை. சுகந்தினிதான் முளைகளை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு, எல்லாரையும் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டுத் தனியப் போனாள்.

முகாமையாளர் இரஞ்சிதம் பொலிசுக்கு அறிவிக்கத் தொலைபேசியை எடுத்தார். வேண்டாம் என்று றம்சீன் மறித்துவிட்டார். பிழை முழுக்கத் தன்னுடையது என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்தார். விலா எலும்பில் கீறல் விழுந்து கதிரையில் இருக்க முடியாமல் போனதால் அதை நின்றபடியே எழுதினார்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஆசுப்பத்திரிக்குப் போனார். சுமன் சாப்பாடு வாங்க வெளியே போகும்வரை கேற்றடியில் காத்து நின்றுவிட்டுத்தான் வார்டுக்குள் நுழைந்தார். மூன்று நாளாகச் சாப்பாடு வாங்கப் போகும் நேரம் தவிர அந்த மனுசன் கட்டிலடியை விட்டு அசையவில்லை என்று தாதி ஒருவர் அவருக்குச் சொன்னார்.

சுகந்தினி விழித்துக்கொண்டுதான் கிடந்தாள். றம்சீனின் வீங்கிய முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்கும் அடிச்சவரோ, நானா?"

 றம்சீன் வழி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொல்லத் தொடங்கினார். இரண்டு ஃபோல்டர்களின் கதையைச் சொன்னார். இன்னும் ஒரு நாள் கூட இருந்து வேலை செய்திருந்தால் அவளுடைய கால் போயிராது என்றார். மன்னிக்கச் சொல்லிக் கேட்டார்.

அவள் குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு வார்டு வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, கிட்ட வரச் சொல்லிக் கையைக் காட்டினாள். போர்வை விலகியது. மேற்கையில் நாலு விரல் பதிந்த கண்டல் காயம் மஞ்சளாகிப் போயிருந்தது. அது வெடி வெடிக்க முந்திய காயம்.

"அவர் சிவப்புப் போடேக்கை நான் பக்கத்திலைதான் நிண்டனான்," என்றாள்.

றம்சீனுக்கு விளங்கவில்லை. அப்படியென்றால் காலையில் கொடுத்த படம் பிழை என்று அவளுக்குத் தெரிந்திருக்குமே என்று கேட்டார்.

சுகந்தினி போர்வையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள்.

"தெரிஞ்சுதான் காலை வைச்சனான், நானா."