பழுதாகாத ரேடியோ

"மூணாவது பெட்டியும் திரும்பி வந்துருச்சு நிக்கலஸ்! இந்தத் தடவை என்னவாம், நடுக்கடல்ல தூங்கிப்போச்சா?"

முதலாளி அடைக்கப்பன் அந்த ரேடியோவை மேசையில் போட்ட வேகத்தில், நல்ல பெட்டியும் பழுதாகியிருக்கும். இது ஆகவில்லை. நிக்கலஸ் மின்சாரம் கொடுத்ததும் பச்சை விளக்கு எரிந்தது, குரலும் கணீரென்று கேட்டது. அதுதான் அவனுக்கு எரிச்சல். பரீட்சைக்கென்று ரோந்துப் படகில் பொருத்தினால் கடலில் ஊமையாகிற பெட்டி, கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்ததும் வாய் திறக்கிறது.

வெளிநாட்டுச் சாமான்களுக்குத் தடை விழுந்திருந்த காலம் அது. கரையோர ரோந்துப் படகுகளுக்கான ரேடியோவை உள்ளூரிலேயே செய்யலாம் என்று அறிவிப்பு வந்ததும், புடவை வியாபாரி அடைக்கப்பன் ஒரே நாளில் பாதுகாப்பு நிபுணராகிவிட்டார். ரயில் பாதையோரம் இருந்த தன் புடவைக் கோடவுனின் மேல்மாடியில் பட்டறை போட்டார். ஒரு சாமான் எத்தனை காலம் பழுதாகாமல் உழைக்கும் என்று சோதித்துச் சொல்வதற்கென்றே லண்டனில் படித்துவிட்டு வந்திருந்த நிக்கலஸைக் கொட்டாஞ்சேனையிலிருந்து பிடித்துவந்தார்.

வந்த கையோடு நிக்கலஸ், அமெரிக்கப் படைக்காரர் எழுதிய தடித்த கையேட்டை விரித்தான். பெட்டியைச் சூடாக்கிப் பார்க்க ஓர் அடுப்பு, குலுக்கிப் பார்க்க ஒரு மேசை, உப்புநீர் தெளித்துப் பார்க்க ஒரு கூண்டு வேண்டும் என்றான்.

"எதுக்குப்பா வீண் செலவு? மேல தகரக் கூரை. பின்னால ரயிலு. அதுக்கு அந்தப் பக்கம் கடலு. மூணையும் ஆண்டவன் ஓசியிலயே குடுத்திருக்கான். சோதிச்சுக்க!"

குறை சொல்லவும் முடியாது. மத்தியான வெயிலில் அந்தத் தகரத்தின் கீழ் பெட்டியும் வெந்தது, நிக்கலஸும் வெந்தான். போகிற வருகிற ரயிலெல்லாம் மாடியையே உலுக்கின. ஜன்னல் கம்பி உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கையோடு உதிர்ந்து வந்தது. அமெரிக்கனிடம்கூட இப்படியோர் ஆய்வுகூடம் இருந்திராது. பெட்டிகள் மட்டும் எதற்கும் அசைந்துகொடுக்கவில்லை.

"படகுக்கு ரேடியோ வாங்குற ஆபீசர் பின்னேரம் வர்றாரு" என்றார் அடைக்கப்பன். "புதுப் படகெல்லாத்துக்கும் ரேடியோ நம்மளுதா, இல்ல நமக்கு முன்னாலேயே இங்க ரேடியோ செஞ்சு குடுக்குற அந்தப் பழைய கம்பெனியோடதான்னு இன்னைக்கே முடிவு. கைவிட்டுப் போச்சுன்னா இங்க மறுபடியும் புடவையை அடுக்கிருவேன். நீ கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறவேண்டியதுதான்."

வேலை போய்விடும் என்ற பயம் இருக்கத்தான் செய்தது. அதைவிட அவனை வதைத்தது வேறு. படகு மூழ்கும் நேரத்தில் எவனோ ஒருவன் உதவி கேட்டுக் கத்துவதும், தான் செய்த பெட்டி சும்மா இருப்பதும் கண்ணுக்குள்ளேயே நின்றது. காணாமல் போன பழுதைக் கண்டுபிடித்துத் தரச்சொல்லி, தொலைந்த பொருளைத் தேடித்தருகிற கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மனைவி புளோறன்ஸ் நேர்த்திக்கடனே வைத்துவிட்டாள்.

மூன்று பெட்டிகளையும் மறுபடி அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தான். எல்லாமே புதுசு போல இருந்தன. பின்பக்கம் மின்சாரம் கொடுக்கும் பிளக் மட்டும் மூன்றிலும் தேய்ந்து பளபளத்தது.

"பிடிச்சிட்டன் முதலாளி!" என்று துள்ளினான். "கடல் ஆடுற ஆட்டத்தில இது தன்பாட்டில கழருது. தேய்ஞ்சிருக்கிறதைப் பாருங்கோவன்!"

"சரி, அதுக்கு என்ன செய்யப்போற?"

"பூட்டு வைக்கப்போறன். என்ர சாவி இல்லாமல் ஒருத்தராலயும் கழட்டேலாது."

பின்னேரம் அதிகாரி அபேசேகர படியேறி வந்தார். போன மாதம்வரை ரோந்துப் படகொன்றில் கப்டனாக இருந்தவர். மன்னாரில் இருந்த காலத்தில் தமிழ் பழகியவர்.

"மழையில நனைஞ்சா என்ன ஆகும்?"

"ஒண்டும் ஆகாது சேர்."

"உப்புக்காத்து?"

"இந்த ஜன்னலையும் பாருங்கோ, பெட்டியையும் பாருங்கோ."

அந்த நேரம் பார்த்து ஒரு ரயில் போனது. தேநீர்க் கோப்பைகள் குதித்தன. ரேடியோவின் குரல் பிசகவில்லை. அதிகாரியின் முகம்தான் ஏனோ வாடிப்போயிற்று.

"அப்ப இது ஒருநாளும் பழுதாகாதா?"

"ஆகாது சேர். அந்த பிளக் ஒண்டுதான் குறையாக் கிடந்தது. அதுக்கும் பூட்டுப் போட்டாச்சு. நீங்களே இழுத்தாலும் வராது!"

அபேசேகர இழுத்தார். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். வரவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அடைக்கப்பன், நிக்கலஸை மருமகனைப் பார்ப்பது போலப் பார்த்துப் பூரித்தார்.

"நல்ல வேலை. முதல்தரம்" என்றபடி தொப்பியைத் தலையில் வைத்தார் அதிகாரி. "படகுகளுக்கான ஓடர் பழைய கம்பெனிக்குத்தான்."

அடைக்கப்பன் அப்படியே நாற்காலியில் சரிந்தார். நிக்கலஸ் படியிறங்கி ஓடி, வாசலில் அதிகாரியை மறித்தான்.

"சேர், அவங்கட ரேடியோ ஒரு மாரி மழைக்குத் தாங்காது! என்ர பெட்டியில என்ன பிழை எண்டாவது சொல்லிப்போட்டுப் போங்கோ!"

அபேசேகர அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவன் தோளில் கையை வைத்தார்.

"மல்லி... தம்பி, பெரிய ஆபீஸ் பகல் முழுக்க ரேடியோவில கூப்பிட்டு, எங்க நிக்கிறாய், ஏன் நிக்கிறாய் எண்டு எங்கட உயிரை எடுக்குது. பழைய ரேடியோ எண்டா அது பாட்டுக்குப் பழுதாகும், ஒருத்தருக்கும் பழி இல்ல. உன்ட ரேடியோவில ஒவ்வொரு தடவையும் நாங்கதான் கையால பிளக்கைக் கழட்டினது. இப்ப அதுக்கும் பூட்டுப் போட்டுட்டியே!"