கேக் விற்ற ஹார்ட்வேர் கடை

"ஜோசஃபின் பேக்கரியில கார்டு தேய்ச்சு கேக் வாங்கினேன். எஸ்.எம்.எஸ்.ல 'கேசவ் ஹார்ட்வேர்'னு வருது. நடுவுல எவனோ பூந்து அந்தம்மா காசை அடிக்கிறான். உடனே புடிங்க."

வந்திருந்த புகார் இதுதான். அடுத்தவர் காசுக்காக இப்படித் துடிக்கும் மனிதரும் இந்த ஊரில் இருக்கிறாரே என்று வித்யாலட்சுமி நெகிழ்ந்துபோனாள்.

கடைக்கும் பேங்குக்கும் நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் நிற்கும் ஆட்களைக் கண்டுபிடிப்பதுதான் பெங்களூரு வைட்ஃபீல்டில் உள்ள கார்டு கம்பெனியில் அவள் வேலை. கேப் பிடித்து சந்தாபுராவுக்குக் கிளம்பிவிட்டாள்.

புகார் உண்மைதான். பேக்கரியில் இருந்த கார்டு மிஷின், பக்கத்துக் கடை கேசவ் பெயரில் இருந்தது.

"வியாபாரம் உங்களுது, அக்கவுண்ட் அவருது. இது தப்பும்மா. மிஷினை நிறுத்த வேண்டியதுதான். எவ்வளவு கமிஷன் எடுக்கறார்?"

"ஒண்ணுமில்ல மேடம். ஒரு பப்ஸ் குடுத்தாக்கூட காசு வச்சிட்டுத்தான் போவாரு."

"சும்மா ஒருத்தர் இதெல்லாம் செய்வாரா?"

ஜோசஃபின் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"என் அக்கவுண்ட் எங்க வீட்டுக்காரரு போன்ல இருக்கு மேடம். பணம் விழுந்தா போதும், ஷேர் மார்க்கெட்ல டபுள் பண்றேன்னு எடுத்துடுவாரு. ஒரு தடவைகூட டபுள் ஆனதில்ல. பொண்ணு நர்சிங் படிக்கிறா. கேசவண்ணா தன் அக்கவுண்ட்ல வாங்கி, நேரா காலேஜுக்குக் கட்டிடறாரு. மிஷினை நிறுத்திட்டா அவ படிப்பு அவ்ளோதான்."

கையில் எடுத்திருந்த மிஷினை வித்யாலட்சுமி திரும்ப வைத்தாள். எத்தனையோ நடு ஆட்களைப் பிடித்திருக்கிறாள். இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை.

"சரிம்மா. உங்க பேர்ல மட்டும் புதுசா ஒரு அக்கவுண்ட், உங்க நம்பர்ல. நான் கூட வரேன், இன்னிக்கே ஆரம்பிச்சுடலாம். மிஷினை அதுக்கு மாத்திடறேன்."

ஜோசஃபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளுக்காக ஒரு கேக்கை டப்பாவில் வைத்துக் கட்டத் தொடங்கினாள்.

"புகார் குடுத்தவர்கிட்டதான் எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. பாவம், உங்க மேல அவ்வளவு அக்கறை."

"யாரு மேடம்?"

"மைக்கேல்ராஜ்னு ஒருத்தர்."

நூல் கட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"எங்க வீட்டுக்காரரு மேடம். கடை போட்டதுலருந்து போன வாரம்தான் மொத மொத காசு கட்டி ஒரு கேக் வாங்கினாரு. திருந்திட்டாருன்னு நெனச்சேன்."