பின்சீட்டில் ஒரு சாய்மானம்

சுதர்ஷினி ஏறமாட்டேன் என்றாள்.

மூன்றாவது தடவை. என் கடைவாசல் பெஞ்சில், ஊன்றுகோலை மடியில் போட்டுக்கொண்டு, பைக்கைப் பார்க்காமல் மாத்தளை டவுனுக்குள் போகிற பஸ்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. வராதா பின்னே? மூன்று நாள் அந்த ஒரு சீட்டோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

பைக் சீட்டுக்குக் குஷன் அடிக்கிறவன் நான். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வேலை. வருகிற ஆம்பிளைகள் எல்லாம் லைட்டை மாற்று, ஹோனை மாற்று, என் பக்கம் ஸ்பொஞ்சைக் கூட்டு என்பார்கள். பின்னால் குந்துகிறவளுக்கு என்ன வேண்டும் என்று ஒருத்தனும் கேட்டதில்லை. ஏன், நானே கேட்டதில்லை. என் பெண்சாதி ஹமீமா பதினைந்து வருஷமாகப் பலகை மாதிரி ஒரு சீட்டில்தான் வருகிறாள், பாவம்.

சுதர்ஷினியின் புருஷன் அஜந்தன் கேட்டான்.

என்னை அண்ணன் முறை வைத்து, "நானா, இவ நோகாமப் போகணும். விழவும் கூடாது" என்றான். சொல்லும்போதே பின்சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்தான்.

எட்டு மாதத்துக்கு முன் இதே பைக்கிலிருந்துதான் அவள் விழுந்தாள். மழை, வளைவு, கால் வைக்க இருந்ததோ பாதி உடைந்த ஒரு கட்டை. இடுப்பெலும்பு போய்விட்டது. இனி இரண்டு பக்கமும் கால் போட அவளால் முடியாது. ஒரு பக்கமாகத்தான் உட்காரவேண்டும்.

அவளுடைய அண்ணன் இருப்பது ரத்தோட்டைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். அந்த ரோட்டில் ஓட்டோ ஏறாது. தோட்டத்துக் கோயிலில் திருவிழா, இவளைக் கூட்டிக்கொண்டு போயே ஆகவேண்டும் என்றான் அஜந்தன்.

கடைகளில் விற்கிற சாய்மானமெல்லாம் கால் போட்டு உட்காருகிறவனுக்குச் செய்தது. பக்கவாட்டில் உட்காருகிற பெண்ணின் முதுகு வலப்பக்கம் அல்லவா இருக்கிறது? இது எந்தக் கம்பெனிக்காரனுக்கும் தோன்றவில்லை. நான் பைப்பை வளைத்து வலப்பக்கத்தில் சாய்மானம் வைத்தேன். இடப்பக்கம் இரண்டு பாதமும் சேர்ந்து நிற்க அகலமாக ஒரு தகடு. சில்லுக்குள் சேலை போகாமல் ஒரு வலை. பிடித்துக்கொள்ளக் கம்பி. இடுப்புக்கு ஒரு வார்.

அஜந்தனோ அவள் தலைக்கு அளவு பார்த்துப் புது ஹெல்மட்டே வாங்கி வந்துவிட்டான்.

இப்படி ஒரு புருஷன் கிடைக்க என்ன புண்ணியம் செய்தாளோ! மகாராணி என்னடாவென்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பஸ் எண்ணுகிறாள்.

நான் போய் அவள் முன்னால் குந்தினேன்.

"தங்கச்சி, நான் மூணு பொம்பளப் புள்ளைய பெத்தவன். இது என் கையால செஞ்சது. வல்லாஹி, நீங்க விழமாட்டீங்க."

அவள் பஸ்களிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். "விழுறதுக்குப் பயமில்ல நானா" என்றாள்.

"பிறகென்ன? ஏறுங்க!"

முக்காலியைக் கொண்டுவந்து போட்டேன். அவளுக்கு வேறு சாக்கு அகப்படவில்லை போலும், எழுந்தாள். நானும் அஜந்தனும் தாங்கி ஏற்றினோம். வாரைப் போட்டு நானே இறுக்கினேன். கடைசி நட்டையும் ஸ்பேனரால் ஒரு தடவை முடுக்கிப் பார்த்தேன்.

முதுகைத் தயங்கித் தயங்கிச் சாய்த்தாள். முகம் சுளிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள்.

"நோகல" என்றாள், தனக்குத்தானே.

மாஷா அல்லாஹ்! எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. இன்றைக்கே ஹமீமாவுக்கும் இப்படி ஒன்று செய்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அஜந்தன் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான்.

"நானா, இதெல்லாம் கழட்ட எத்தனையாம் நம்பர் ஸ்பேனர் வேணும்? பழைய சீட்டையும் ஒரு சாக்குல கட்டித் தாங்க. இவள அண்ணன் வீட்டுல இறக்கிவிட்டுட்டு, அங்கயே மாத்திக்கிட்டு வந்துருவேன்."

எனக்கு விளங்கவில்லை. சரியான மடையன் நான். "அப்ப தங்கச்சி எதுல திரும்பி வாறது?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

அஜந்தன் குனிந்து முன் டயரை விரலால் அமுக்கிப் பார்த்தான். காற்றெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது எனக்கு. ஏறமாட்டேன் என்றவளைச் சத்தியம் பண்ணி ஏற்றிவைத்தவன் நான்தானே.

சீட்டிலிருந்து அவள் திரும்பாமலே பேசினாள்.

"பன்னெண்டாம் நம்பர் ஒண்ணு குடுத்துவிடுங்க நானா. லயத்துல யார்கிட்டயும் இருக்காது."

நான் முடுக்கும்போது ஸ்பேனரின் நம்பரைப் பார்த்திருக்கிறாள்.

எடுத்துக் கொடுத்தேன். வேறென்ன செய்ய? அவன் அதை வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். சாக்கை டேங்க் மேல் வைத்துக் கட்டினான். கிக்கரை உதைத்துவிட்டு, "நல்லா புடிச்சுக்க" என்றான்.

அவள் அவனைப் பிடிக்கவில்லை. நான் வைத்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

கடைக்கு முன்னாலேயே ரோட்டில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. பைக் அதில் விழுந்து எழும்பியது. அவன் குலுங்கினான். அவள் கொஞ்சமும் ஆடவில்லை.

அவ்வளவு நல்ல வேலை.