ஒரு சொட்டில் ரெண்டு கிருமி

குளிர்காய்ச்சலில் உதறிக்கொண்டிருந்த தங்கை புருஷனைக் கைத்தாங்கலாகப் பிடித்தபடி மருத்துவ முகாமில் நின்றேன். காலையில் கல்குவாரிக்கு வந்து நர்ஸம்மா எடுத்துப்போன ரத்தத்துக்கு இப்போது முடிவு சொல்வார்கள்.

லேப்காரர் மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தார். "மலேரியாதான். சாதா வகை."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இருக்காது சார், நல்லாப் பாருங்க!"

"கிருமி கண்ணு முன்னாடி தெரியுது, இருக்காதுங்கறீங்களே!" முனகிக்கொண்டே மறுபடி குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு முகம் வெளுத்துப்போய் எழுந்தார்.

"ஒண்ணு கிடைச்சதும் தேடுறத விட்டுட்டேன். கூடவே ஆளைக் கொல்ற வகையும் ஒளிஞ்சிருக்கு. சாதா மாத்திரைக்கு அது சாகாது. ஜீப்பைக் கூப்பிடுங்க!"

மாப்பிள்ளையைத் தூக்க இரண்டு பேர் ஓடிவந்தார்கள். அவன் திமிறினான். "விடுங்கய்யா! மச்சான், இப்பவாவது சொல்லித் தொலைங்க!"

"என்ன சொல்லணும்?" லேப்காரர் என்னை முறைத்தார்.

நான் மாப்பிள்ளையைக் காட்டினேன். "பாறைக்கு வெடி வைப்பான் சார், ஆனா ஊசின்னா நடுங்குவான். ரத்தம் கொடுத்தாத்தானே மாத்திரை தருவீங்க? அதான், இவன் பேரைச் சொல்லி என் விரலை நீட்டிட்டேன்."

அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சூடே இல்லை.

"காய்ச்சல் இனிமேதான் காட்டும். நீங்க ஜீப்புல ஏறுங்க" என்றவர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "நீ விரலை நீட்டுடா!"