எகிறட்டும் பிபி

"மூணு வேளையும் சோத்த கொட்டிக்கத் தெரியுதுல்ல? வேலைன்னா மட்டும் இன்னாத்துக்குடா வலிக்குது?"

சூப்பர்வைசர் சபரிநாதன் போட்ட சத்தத்தில், துலுக்காணத்தின் கையில் பிபி மிஷின் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்த நர்ஸ் ரோஜாவே திடுக்கிட்டாள். கும்மிடிப்பூண்டியில் உள்ள அந்த இரும்பு ஆலையில், உயரத்தில் ஏறுகிறவர்களுக்குக் காலையில் பிபி பார்த்த பிறகுதான் அனுமதி. அதிகமாக இருந்தால் ஏற்ற மாட்டார்கள். ஏறாதவனுக்கு அன்று கூலியும் கிடையாது. அடுத்த ரயிலைப் பிடித்துச் சொந்த ஊரான ஆரம்பாக்கம் திரும்ப வேண்டியதுதான்.

புகைபோக்கியைச் சுற்றிக் கட்டிய சாரத்தில் ஏறிப் பெயின்ட் அடிக்க வந்தவர்கள் மூன்று பேர். எட்வர்டும் அன்பும் ஏற்கெனவே பிபியில் தோற்றுப்போய் முதலுதவி அறை வாசலில் நின்றார்கள். அவர்களையும் சபரிநாதன் இப்படித்தான் வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். சே, மனுஷன் வாயா அது!

"நூத்தி எழுவது," என்றாள் ரோஜா.

"எனக்கு பிபியே கெடயாது மேடம்! இந்தாளு கத்திக்கினே இருந்தா ஏறாம இன்னா செய்யும்?" துலுக்காணம் மறுகையால் சபரிநாதனைக் காட்டினான்.

"ஆமா சார். கோவம் வந்தா அட்ரினலின் சுரக்கும். ரத்தக் குழாய் இறுகி பிபி எகிறிடும். அஞ்சு நிமிஷம் அவர சும்மா வுடுங்க, எறங்கிடும்."

"எகிறட்டும்! தண்டச்சோறு, இவன மடியில வச்சித் தாலாட்டணுமா?"

சபரிநாதன் இடத்தை விட்டு நகரவே இல்லை. ரோஜா மறுபடி பட்டையைச் சுற்றும்போது, "உன்னல்லாம் வச்சிக்கினு உன் பொண்டாட்டி எப்டிடா குடும்பம் நடத்துறா?" என்றார்.

நூற்று எண்பத்தெட்டு. ரோஜா உதட்டைப் பிதுக்கினாள். அனுமதி இல்லை.

துலுக்காணத்துக்கு ரத்தம் கொதித்தது. வெளியே வந்ததும், பின்னாலேயே வந்த சபரிநாதனின் சட்டையை எட்டிப் பிடித்துவிட்டான்.

"யோவ்! என் வயித்துல ஏன்யா அடிச்ச? உனக்கு நான் இன்னா பாவம் பண்ணேன்?"

சபரிநாதன் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மேனேஜராண்ட ரெண்டு வாட்டி சொன்னேன், காதுலயே வாங்கல. உன்னாண்ட சொன்னாலும் கூலிக்காக ஏறத்தான் போற."

"இன்னாத்த சொன்ன?"

"சாரம் ஆடுதுடா."