சுவருக்கு அந்தப் பக்கம்

தன் வக்கீலின் தோளில் எதிராளி கை போட்டு நிற்பதை, கல்லறைச் சுவர் இடிந்திருந்த இடுக்கு வழியாக இன்னாசியம்மாள் பார்த்துவிட்டாள்.

அன்றைக்குக் கல்லறைத் திருநாள். வக்கீல் ரொனால்டு ஒரு சிமெண்டுக் கல்லறை முன்னால் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு எழுந்தார். பக்கத்தில் ஊர்ப் பெரியதனக்காரர் ஞானராஜ். அவர் பேசியது காற்றில் தெளிவாகவே கேட்டது.

"எங்களுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் குடுத்த டீச்சர் மகன் நீ. எங்க ஆளு. நீயே போயி அவுகளுக்காக நிக்கலாமா தம்பி?"

ரொனால்டு குனிந்து, காற்றில் சாய்ந்த மெழுகுவத்தியை நிமிர்த்தி வைத்தார். மறுக்கவில்லை.

ஆத்தூர்ப் பக்கத்திலிருந்த அந்த ஊரில் எல்லோருக்கும் ஒரே கோயில், ஒரே பூசை. செத்தால் மட்டும் சுவர். அந்தப் பக்கம் மேட்டு நிலம், மேலத்தெருக்காரர்களுக்கு. இந்தப் பக்கம் பள்ளம், கீழத்தெரு தலித் சனங்களுக்கு. போன வருசம் அடைமழையில் அவள் புருசன் செத்தபோது, வெட்டிய குழியில் தண்ணீர் பொங்கியது. அந்தப் பக்கம் ஓரமாக ஓரிடம் கேட்டுக் கெஞ்சினாள். ஞானராஜ் கேட்டைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

தண்ணீருக்குள்தான் பெட்டியை இறக்கினார்கள். அது மிதந்தது. கல்லைத் தூக்கிப் போட்டு அமுக்கினார்கள்.

அந்தச் சுவரை எடுக்கச் சொல்லித்தான் திண்டுக்கல் கோர்ட்டில் அவள் வழக்குப் போட்டிருந்தாள். யாரும் கூப்பிடாமல் வீடு தேடி வந்து வழக்கை எடுத்துக்கொண்டவர் ரொனால்டு. பீஸ் வேண்டாம் என்றார். அதுவே அவளுக்கு அப்போது உறுத்தியது. இன்னொன்றும் உறுத்தியது. முதல் நாள் தெருவுக்குள் நுழைந்ததுமே, சிலுவை நட்ட குருசடிக்குப் பின்னாடி இருந்த கிணற்றை மூடிவிட்டார்களா என்று கேட்டார். அவள் வாக்கப்பட்டு வருவதற்கு முந்தியே தூர்ந்துபோன கிணறு அது. தங்கள் தெருவைப் பற்றி இவ்வளவு துருவி இவருக்கு யார் சொல்லி அனுப்பியது?

ஞானராஜ்தான் அனுப்பியிருக்கிறார் என்று இப்போது புரிந்துவிட்டதாக நினைத்தாள்.

மகள் டெய்சி ஊருக்குள் விசாரித்து வந்தாள். வக்கீலின் அம்மா செபஸ்தியம்மாள் டீச்சர், திண்டுக்கல் மடத்தில் சிஸ்டர்மார் வளர்த்த அநாதைப் பெண்ணாம். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு வந்து, தானும் அவர்கள் சாதிதான் என்று சொல்லி மேலத்தெருவிலேயே குடியிருந்து, இன்னாசியம்மாள் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வருவதற்கு முந்தியே செத்தாராம். மகன் ரொனால்டு படித்ததெல்லாம் வெளியூர் ஆஸ்டலில். டீச்சரின் பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் ஞானராஜும் ஒருவர்.

மறுநாளே இன்னாசியம்மாள் பஸ் ஏறி வக்கீல் ஆபீசில் போய் நின்றாள். சுற்றி வளைக்கவில்லை.

"அந்தப் பக்கம் யாருக்குய்யா மெழுகுவத்தி வச்சீக?"

"எங்கம்மாவுக்கு."

"அப்ப நீங்களும் அவுக ஆளுதானா?"

ரொனால்டு மேசை மேலிருந்த வழக்குக் கட்டை மூடி வைத்தார். பிறகு, வழக்கு முடியட்டும்மா, அதுவரைக்கும் என்னை எதுவும் கேட்காதீங்க என்றார். முகத்தில் வேர்த்திருந்தது. குற்றமுள்ள நெஞ்சு என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

வேறு வக்கீல் பார்க்கலாம் என்று மகளிடம் சொன்னாள். இந்த வழக்கைத் தொட்டால் மேலத்தெருக்காரர்களின் பகை வரும் என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டதை டெய்சி நினைவுபடுத்தினாள். வேறு வழியில்லாமல் இன்னாசியம்மாள் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு வாய்தாவுக்கு வாய்தா அவள் கண் ரொனால்டை விட்டு அகலவில்லை. வராந்தாவில் ஞானராஜ் அவரைத் தனியே கூப்பிட்டுப் பேசியதையும் பார்த்தாள். சிரித்துக்கொண்டே போன ஞானராஜையும் பார்த்தாள்.

கடைசியில் ஞானராஜ் கூண்டேறிச் சாட்சி சொல்லும் நாள் வந்தது. சுவர் பாட்டன் காலத்திலிருந்து இருப்பதாகவும், அது சாதிக்காக இல்லை, வழக்கத்துக்காக என்றும் அவர் நிதானமாகச் சொன்னார். குறுக்கு விசாரணைக்கு ரொனால்டு எழுந்தார். கேட்டது ஒரே ஒரு கேள்வி. கீழத்தெருவில் பிறந்த யாரையாவது அந்தப் பக்கம் புதைத்தது உண்டா?

"ஒருத்தர் கெடையாது. பொதைச்சிருந்தா அந்த மண்ணு ஏத்துக்கிட்டிருக்காது."

"நிச்சயமா?"

"பைபிள் மேல சத்தியமா."

வேறு கேள்வி இல்லை என்று சொல்லி ரொனால்டு உட்கார்ந்துவிட்டார். மிதந்த பெட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. பூட்டிய கேட்டைப் பற்றிக் கேட்கவில்லை. வழக்கம் என்று எதிராளி சொன்னதை இவரே உறுதிப்படுத்திக் கொடுத்துவிட்டாரே என்று இன்னாசியம்மாள் மகளிடம் முணுமுணுத்தாள்.

அதற்குள் ரொனால்டு மறுபடியும் எழுந்தார். இந்த வழக்கில் வாதியின் வக்கீலாக இனிமேல் தான் இருக்க முடியாது என்றும், விலகிக்கொள்ள அனுமதி வேண்டும் என்றும் நீதிபதியிடம் கேட்டார். கோர்ட்டில் சலசலப்பு எழுந்தது. ஞானராஜ் கூண்டிலிருந்து இறங்கி வந்து, திரும்பிப் பார்த்து அவரிடம் தலையசைத்தார்.

"பாத்தியாடி, வித்துட்டான்" என்றாள் இன்னாசியம்மாள்.

ரொனால்டு கறுப்பு அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டார். அவர் வாசலுக்குப் போவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் நேரே நடந்து காலியாக இருந்த சாட்சிக் கூண்டுப் பக்கத்தில் போய் நின்றார். வக்கீலாக இருந்துகொண்டு சாட்சி சொல்லக்கூடாது என்பதால்தான் விலகுவதாகச் சொன்னார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். அப்படி என்ன சாட்சி என்று கேட்டார்.

ரொனால்டு நீதிபதியை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"சுவத்துக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிற எங்கம்மா, கீழத்தெருவுல பொறந்தவங்க ஐயா."